நிற்கிற வண்டிக்குத்தான் ஆபத்து

வண்டி: கேள்வி – பதில்
இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பற்றியே. மயிலாப்பூர் ஒர்க்‌ஷாப்காரர் பதில் சொல்கிறார்.

கே: என் 2012 மாடல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது. இப்போது 38-ஐத் தாண்டுவதில்லை. எல்லாம் எத்தனாலால்தான் என்கிறார் என் கணவர். சரியா?
– எல். வி., மந்தைவெளி

ப: பாதிக்கும் குறைவாகத்தான் சரி. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அரிசியோடு பொரியைக் கலந்து அளந்த மாதிரி: படி நிறையும், வயிறு நிறையாது. இ20-ல் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்பதால், எத்தனாலே இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் இழப்பு ஆறு, ஏழு சதவீதம். நிதி ஆயோக்கின் 2021 அறிக்கை, பழைய கார்களுக்கு 6–7 சதவீதம், பழைய இருசக்கர வண்டிகளுக்கு 3–4 சதவீதம் என்றது. பெரிய எண்ணையே எடுத்துக்கொண்டாலும் உங்கள் 45, 42 ஆகலாம். மீதி நாலு கிலோமீட்டர் எங்கே போயிற்று? ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிரேக் உரசினால் அங்கேயே தெரிந்துவிடும். டயரில் காற்று கடைசியாக எப்போது பார்த்தது என்று உங்கள் கணவரைக் கேளுங்கள்.

கே: இ20 போட்டால் இன்ஷூரன்ஸ் செல்லாது என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?
– எம். கே., தி. நகர்

ப: செல்லும். 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமே மறுத்துவிட்டது. எஞ்சின் தேய்மானத்துக்குச் சாதாரண பாலிசி எந்தக் காலத்திலும் பணம் தந்ததில்லை என்பது வேறு விஷயம்.

கே: பெட்ரோலில் கலப்பது சாராயம்தானே? புது வண்டியைக் கபாலீசுவரர் கோயில் வாசலில் நிறுத்திப் பூஜை போடலாமா?
– கே. எஸ்., கிழக்கு மாட வீதி

ப: 2020-ல் கோயில் வாசல்களில் கை நீட்டி வாங்கித் தடவிக்கொண்டோமே சானிடைசர், அதிலும் சாராயம்தான். தாராளமாகப் போடுங்கள். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றும்போது எந்த கியரில் இருக்கிறீர்கள் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: 1992 ஆர்எக்ஸ் 100 வைத்திருக்கிறேன். கொஞ்ச நாளாக முறுக்கினால் திணறுகிறது. எஞ்சின் சூடும் அதிகம். வேறு குறை எதுவும் தெரியவில்லை.
– ஜே., நந்தனம்

ப: தம்பி, முதலில் வேகமாக ஓட்டுவதை நிறுத்துங்கள். சுத்தப் பெட்ரோல் ஒரு பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், இ20-க்கு 13.5 போதும். அதாவது, அதே காற்றுக்கு இன்னும் கொஞ்சம் பெட்ரோல் தேவை. இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் ஆக்சிஜன் சென்சார் சொல்லும், கம்ப்யூட்டர் கூட்டிக் கொடுக்கும். கார்புரேட்டரில் ஜெட்டின் துளை எவ்வளவோ அவ்வளவுதான். வண்டி லீனாக (பெட்ரோல் பற்றாமல்) ஓடுகிறது. டூ-ஸ்ட்ரோக்கில் லீனாக ஓட்டினால் கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றுங்கள். நாலைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு பிளக்கைக் கழற்றுங்கள். வெள்ளையாக இருந்தால் இன்னும் லீன். காப்பிக்கொட்டை நிறம் என்றால் சரி. கரி பிடித்திருந்தால் ஏற்றியது அதிகம். பெட்ரோல் ஹோஸ், காக் வாஷர், ஃப்ளோட் நீடிலின் ரப்பர் முனை மூன்றையும் மாற்றிவிடுங்கள். அந்தக் காலத்து ரப்பர் எத்தனாலில் ஊறி உப்பிவிடும். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கும்போது இ20 தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். பழைய ஸ்டாக்கைத் தலையில் கட்டுவார்கள். டேங்க்குக்குள் டார்ச் அடித்துத் துரு இருக்கிறதா என்று பாருங்கள். டேங்க் அடியில் பல வருஷமாக ஒட்டிக்கிடந்த கசடை எத்தனால் கரைத்துக் கார்புரேட்டருக்கு அனுப்பும். நல்ல ஃபில்டர் ஒன்று போடாமல் ஓட்டாதீர்கள்.

கே: யூடியூப் பார்த்து, பெட்ரோலையும் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் ஊற்றிக் குலுக்கினேன். நான் ஊற்றியதைவிட அதிகத் தண்ணீர் அடியில் நிற்கிறது! பங்க்கில் ஏமாற்றுகிறார்களா?
– பி. ஆர்., காந்தி நகர், அடையாறு

ப: இந்த ஆராய்ச்சியைச் சமையலறையில் செய்யவில்லை என்று நம்புகிறேன். நீங்கள் ஊற்றிய தண்ணீர், பெட்ரோலில் இருந்த எத்தனாலை இழுத்துக்கொண்டு அடியில் தங்கிவிட்டது. அடியில் பெருத்தது அதுதான். எத்தனால் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் முறை இது. கலப்படம் பிடிக்கும் முறை அல்ல. சந்தேகம் இருந்தால் பங்க்கிலேயே ஃபில்டர் பேப்பர் கேளுங்கள், டென்சிட்டி பார்க்கச் சொல்லுங்கள், ஐந்து லிட்டர் அளவுக் கேனில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அங்கே கேட்கக் கூச்சப்பட்டுவிட்டு வீட்டில் பாட்டிலைக் குலுக்கினால் என்ன பயன்?

கே: மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அவனுடைய 2019 மாடல் கார் எங்கள் அபார்ட்மென்ட்டில் கவர் போட்டுப் பத்திரமாக இருக்கிறது. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறேன். இ20 இப்படி நின்றால் கெட்டுப்போகுமா?
– ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, கஸ்தூர்பா நகர்

ப: சார், அடையாறிலும் பெசன்ட் நகரிலும் வீதிக்குப் பத்து கார் இப்படித்தான் "பத்திரமாக" இருக்கிறது. மகன் டிசம்பரில் வருவார், சாவியைத் திருப்புவார், எனக்கு போன் வரும். அப்புறம் பழி எத்தனாலுக்கு.

பெட்ரோல் ஊறுகாய் இல்லை, வைத்திருந்தால் பக்குவப்படாது. நிற்க நிற்க அதில் லேசாக ஆவியாகும் பகுதி போய்விடும். மிச்சம் பிசினாக மாறி இன்ஜெக்டரில் ஒட்டும். இது எத்தனால் வருவதற்கு முன்பும் நடந்ததுதான். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தையும் இழுக்கும். இன்றைய கார்களின் டேங்க் நன்றாக மூடியிருப்பதால் அது மெதுவாக நடக்கும், அவ்வளவே. காற்றோட்டமுள்ள பழைய பைக் டேங்க்கில், அதுவும் கடற்கரைப் பக்கம், சீக்கிரம் நடக்கும்.

அந்த ஐந்து நிமிட ஸ்டார்ட், ஸ்டார்ட் செய்யாமல் விடுவதைவிட மோசம். எஞ்சின் முழுச் சூடு ஏறுவதற்குள் அணைத்துவிடுகிறீர்கள். எரியும்போது உண்டாகும் நீராவி சைலன்சரிலும் ஆயிலிலும் தண்ணீராகத் தங்குகிறது. ஸ்டார்ட்டர் தின்ற பேட்டரி சார்ஜ் திரும்பி ஏறுவதில்லை. சக்கரம் நகராததால் டயர் ஒரே இடத்தில் அமுங்கி, பிரேக் டிஸ்க்கில் துரு பிடிக்கிறது. கார் ஓடவில்லை, ஆனால் தேய்கிறது.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: பத்து நாளுக்கு ஒருமுறை வெளியே எடுத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள். திருவான்மியூர் வரை போய், ஈசிஆரில் கொஞ்சம் வேகமெடுத்துத் திரும்புங்கள். இரண்டு மாதத்துக்குள் டேங்க் பெட்ரோல் தீர்ந்து புதுசு ஏற வேண்டும். ஓட்ட முடியாது என்றால் விற்றுவிடுங்கள். மகன் வரும்போது வாடகைக் கார் எடுத்துக்கொள்ளட்டும். கவர் போட்டு வைப்பது பாசமாக இருக்கலாம், பராமரிப்பு ஆகாது.

கே: எத்தனாலிலிருந்து எஞ்சினைக் காக்கும் என்று ஒரு பாட்டில் விற்கிறார்களே, ஊற்றலாமா?
– எஸ்., பாண்டி பஜார்

ப: அந்தக் காசுக்கு ஒரு பெட்ரோல் ஃபில்டர் வாங்குங்கள்.

கே: பெருமழைக்கு மறுநாள் பெட்ரோல் போட்டேன். இரண்டு தெரு தாண்டுவதற்குள் வண்டி குலுங்கி நின்றுவிட்டது. இது தற்செயலா?
– வி. என்., மேற்கு மாம்பலம்

ப: தற்செயல் இல்லை. இங்கே எத்தனாலுக்கும் பங்கு உண்டு. முன்பெல்லாம் பங்க்கின் நிலத்தடி டேங்க்கில் தண்ணீர் இறங்கினால் அது அடியில் தனியாகக் கிடக்கும். அளவுகோலில் பேஸ்ட் தடவி விட்டால் நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். எத்தனால் கலந்த பெட்ரோல் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து மொத்தமாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். அந்த அடுக்கு உங்கள் டேங்க்குக்கு வந்தால் எஞ்சின் ஓடாது.

மறுபடி மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள். பம்ப்பும் இன்ஜெக்டரும் சேர்ந்து போய்விடும். தள்ளிக்கொண்டு போய் டேங்க்கை முழுக்க இறக்கி, ஃபில்டர் மாற்றுங்கள். இறக்கியதில் ஒரு பாட்டில் எடுத்து வையுங்கள், பில்லும் இருக்கட்டும். இரண்டோடும் பங்க்குக்குப் போய்ப் புகார் புத்தகத்தில் எழுதுங்கள். 2015 வெள்ளத்தையும் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் நாம். தண்ணீர் தேங்கிய பங்க்கில், அது வடிந்த கையோடு பெட்ரோல் போடுவானேன்?

கே: எக்ஸ்பி 100 பெட்ரோலில் எத்தனால் இல்லையாமே? பாதிப் பாதி கலந்து போடலாமா?
– ஆர்., ஆழ்வார்பேட்டை

ப: போடலாம். பாதி அது, பாதி இ20 என்றால் உங்கள் டேங்க்கில் இருப்பது இ10. பழைய வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தப்போகிறவருக்கு அதனால் லாபம் உண்டு. தினமும் ஆபீஸுக்கு ஓட்டுகிறவருக்கு பர்ஸ்தான் இளைக்கும்.

கே: மைலேஜ் குறைகிறது என்று அரசே ஒப்புக்கொள்கிறது. விலையைக் குறைக்க வேண்டாமா?
– சி. டி., ராயப்பேட்டை

ப: கடிதங்களிலேயே உருப்படியான கேள்வி உங்களுடையதுதான். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு வரிச்சலுகை தர வேண்டும் என்று நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. அப்போது எத்தனால் மலிவு. பிறகு கொள்முதல் விலை போக்குவரத்து, ஜிஎஸ்டி சேர்த்துச் சராசரியாக லிட்டர் 71 ரூபாய் 32 காசு ஆகி, பெட்ரோலைவிட அதிகமாகிவிட்டது என்று 2025 ஆகஸ்டில் அமைச்சகம் விளக்கியது. கச்சா எண்ணெய் இறக்குமதி குறைகிறது, கரும்பு, மக்காச்சோள விவசாயிக்குப் பணம் போகிறது; அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வரியைப் பாருங்கள். மத்திய கலால் வரி லிட்டர் கணக்கு. தமிழ்நாட்டு வாட் வரியிலும் 13 சதவீதத்தோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு சேர்கிறது. அதே தூரம் போக அதிக லிட்டர் போட்டால் வரியும் அதிகம் கட்டுகிறோம். எத்தனால் இல்லாத பெட்ரோலையும் விற்க வேண்டும் என்று கேட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. எஞ்சினுக்கு என்னால் வைத்தியம் பார்க்க முடியும், இதற்கு முடியாது.

கே: என் கார் 2016 மாடல். அடுத்து இ27 வரும் என்கிறார்கள். இப்போதே மாற்றிவிடலாமா?
– டி. பி., கோட்டூர்புரம்

ப: இ20-க்காக மாற்ற வேண்டாம். உங்களுடையது இன்ஜெக்‌ஷன் வண்டி, கலவையைத் தானே சரிசெய்துகொள்ளும். அடுத்த சர்வீஸில் பெட்ரோல் ஹோஸ்களையும் சீல்களையும் பார்க்கச் சொல்லுங்கள். பிரேசிலில் 2025 ஆகஸ்டிலிருந்து பெட்ரோலில் 30 சதவீதம் எத்தனால். ஆனால் எந்தக் கலவையும் தாங்கும் ஃபிளெக்ஸ் கார்கள் அங்கே 2003-லேயே வந்துவிட்டன. பங்க்கில் எத்தனால் தனியாகவும் கிடைக்கும். அதன் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்தைத் தாண்டினால் மக்கள் பெட்ரோல் பக்கம் போய்விடுவார்கள். அந்த வசதிகள் வராமல் சதவீதம் மட்டும் ஏறினால் அப்போது யோசிப்போம். எப்போது புது வண்டி வாங்கினாலும், அது எத்தனை சதவீதம் வரை தாங்கும் என்று டீலரிடம் எழுதி வாங்குங்கள். ஷோரூமில் வாயால் சொன்னதை சர்வீஸ் கவுன்ட்டரில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.