கார்த்திகைப்பூச் செடியை வளர்த்தலும் பராமரித்தலும்



கார்த்திகைப்பூ இலங்கையின் காட்டோரங்களிலும் பற்றைகளிலும் தானாக வளரும் பல்லாண்டுக் கொடியாகும். இது காந்தள் எனவும், கலப்பை வடிவான கிழங்கைக் கொண்டிருப்பதால் கலப்பைக் கிழங்கு எனவும் அழைக்கப்படும். சிங்களப் பெயர் நியங்கலா. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே.

இதன் தண்டும் இலைகளும் ஆண்டுதோறும் மடிந்துவிடும். நிலத்தடிக் கிழங்கு மட்டுமே உயிருடன் எஞ்சும். ஆகவே, கிழங்கைப் பாதுகாப்பதே இச்செடியைப் பாதுகாப்பதாகும்.

சிறப்பியல்புகள்
• ஒருவித்திலைத் தாவரம். இலை நுனி தந்தாக மாறிப் பற்றி ஏற உதவும்.
• பூவுறை இதழ்கள் 6, கேசரங்கள் 6. பூ முதலில் பசுமஞ்சளாகவும் பின்னர் சிவப்பாகவும் மாறும்.
• தம்பம் பக்கவாட்டில் வளைந்திருப்பதால் தன்மகரந்தச் சேர்க்கை குறையும்.

நடும் முறை
1. வீட்டுத் தோட்டத்தில் வளர்ந்த செடியிலிருந்து கிழங்கைப் பெறுக. காட்டில் தோண்டி எடுத்தால் அங்கு அச்செடி அழியும்.
2. கிழங்குக் கிளையின் நுனியில் அரும்பு உண்டு. அது முறிந்தால் அக்கிளை முளைக்காது. எனவே கவனமாகக் கையாள்க.
3. மணலும் கூட்டெருவும் கலந்த மண்ணில், கிழங்கைக் கிடையாக வைத்துச் சுமார் 5 – 8 சென்ரிமீற்றர் ஆழத்தில் நடுக.
4. தந்து பற்றுவதற்கு மெல்லிய குச்சிகளை நாட்டுக.

வித்திலிருந்தும் வளர்க்கலாம். ஆனால் பூப்பதற்குச் சில ஆண்டுகள் செல்லும்.

கலஹாப் பிரதேசத்திற்குரிய கவனிப்பு
உலர் வலயத்தில், செடி மடிந்த பின்னர் மண்ணும் காய்ந்திருக்கும். கிழங்கு அழுகாது உறங்கும். கலஹாவிலோ தென்மேல் பருவப் பெயர்ச்சி மழையும் கிடைப்பதால், உறங்கும் கிழங்கு ஈரத்தில் அழுகலாம். ஆகவே, மேடான பாத்தியில் நடுக. தண்டு முற்றாகக் காய்ந்ததும் கிழங்கை எடுத்து, உலர்ந்த மணலில் புதைத்து நிழலில் வைக்குக. அரும்பு பருக்கத் தொடங்கியதும் மீண்டும் நடலாம்.

எச்சரிக்கை
செடியின் எல்லாப் பாகங்களும் நஞ்சுடையவை. கிழங்கிலும் வித்திலும் கொல்சிசீன் என்னும் நஞ்சு அதிகம். கிழங்கை வற்றாளை என எண்ணி அவித்து உண்டோர் இறந்ததுண்டு. கிழங்கைத் தொடும்போது கையுறை அணிக. சமையலறையில் வைக்காதீர்கள். வைக்கும் பெட்டியில் “நஞ்சு” என எழுதி, சிறுவர்களுக்கு எட்டாத இடத்தில் வைக்குக. யாரேனும் உண்டுவிட்டால், வாந்தியோ வயிற்றோட்டமோ தொடங்கும்வரை காத்திராது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.

இதே கொல்சிசீன், வைத்தியரின் கண்காணிப்பில் கீல்வாத வகையொன்றுக்கு மருந்தாகிறது. தாவர இனவிருத்தியில் நிறமூர்த்தங்களை இரட்டிப்பாக்கவும் பயன்படுகிறது.

மாதிரி வினா
தண்டு வாடிய பின்னர் நீரூற்றுவதை நிறுத்த வேண்டும். காரணம் தருக.

விடை: செடி இறக்கவில்லை. கிழங்கு உறங்குநிலையை அடைந்துள்ளது. இலைகள் இல்லாமையால் அதற்கு நீர் மிகக் குறைவாகவே தேவைப்படும். மேலதிக ஈரம் கிழங்கை அழுகச் செய்யும்.