மலையைக் குடைந்தவர்கள் தண்ணீரைப் பங்கிட மறுத்தார்கள்!





உம்ராவுக்குச் செல்பவர்களில் சிலர் மதீனா ஸியாரத்தை முடித்துக்கொண்டு அல்உலா வரை போய் வருகிறார்கள். மலையைக் குடைந்து செய்த பிரம்மாண்டமான வாசல்களுக்கு முன்னால் நின்று எடுத்த படங்கள் நமது கைப்பேசிக்கும் வருகின்றன. "அந்தக் காலத்திலேயே எப்படிச் செதுக்கியிருக்கிறார்கள்!" என்று நாமும் வியக்கிறோம். வியப்பதில் தவறில்லை. ஆனால் அந்த இடத்தை எப்படிக் கடக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். போகிறவரும் அதை அறிய வேண்டும். வீட்டிலிருந்து படம் பார்ப்பவரும் அறிய வேண்டும்.

அல்ஹிஜ்ர் எனும் ஊர்

மதீனாவிலிருந்து சாலை வழியாக 300 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே சென்றால் அல்உலா. அதற்குச் சற்று வடக்கே இருப்பதுதான் அல்ஹிஜ்ர். மதாயின் ஸாலிஹ் என்றும் சொல்வார்கள். திருக்குர்ஆனின் 15வது அத்தியாயம் இந்த ஊரின் பெயரையே தாங்கியிருக்கிறது. 2008ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. சவூதி அரேபியாவில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் இடம் இதுதான்.

இன்று அங்கே பார்வையாளர்கள் காண்பவை, மணற்பாறையைக் குடைந்து செய்யப்பட்ட 111 பெரிய கல்லறைகள். அவற்றில் 94 அலங்கார முகப்புடையவை. கஸ்ருல் ஃபரீத் எனும் கல்லறை தனிப் பாறை ஒன்றில் 20 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. அது முடிக்கப்படவில்லை. மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்திருக்கிறார்கள். மேற்பகுதி வழவழப்பாக இருக்க, அடிப்பகுதி கரடுமுரடாக அப்படியே நிற்கிறது.

ஒரு கேள்வி

"இவைதான் ஸமூது கூட்டத்தாரின் வீடுகளா?" என்று பலர் கேட்கிறார்கள். இதில் நாம் நேர்மையாகப் பேச வேண்டும். இந்த முகப்புகளில் பலவற்றில் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றைப் படித்த ஆய்வாளர்கள், இவை பெட்ராவைத் தலைநகராகக் கொண்ட நபத்தியர்கள் கி.மு. முதல் நூற்றாண்டுக்கும் கி.பி. முதல் நூற்றாண்டுக்கும் இடையில் செய்த கல்லறைகள் என்கிறார்கள். நபி ஸாலிஹ் (அலை) அவர்களின் சமூகமோ அதற்கு மிகவும் முற்பட்டது.

இதனால் குர்ஆன் சொன்னதற்குக் குறை ஏதும் இல்லை. ஸமூது கூட்டத்தார் மலைகளைக் குடைந்து வீடுகளை அமைத்தார்கள் என்று அல்லாஹ் சொல்கிறான். இந்தக் குறிப்பிட்ட முகப்புதான் அவர்களின் வீடு என்று குர்ஆனோ ஹதீஸோ நமக்குச் சொல்லவில்லை. அழிந்துபோன அநியாயக்காரர்களின் இருப்பிடங்களில் பிறகு வேறு மக்கள் குடியேறியதையும், அவர்கள் படிப்பினை பெறாமல் போனதையும் குர்ஆன் (14:45) நினைவூட்டுகிறது. படத்தைக் காட்டி, நமக்கு உறுதியில்லாத ஒன்றை மார்க்கத்தின் பெயரால் பரப்பாதீர்கள்.

அந்த நபத்தியர்களிடமும் பாடம் இருக்கிறது. கல்லறை யாருக்குச் சொந்தம் என்று முகப்பிலேயே எழுதினார்கள். அதை விற்பவருக்கும், வேறொருவரை அதில் அடக்குபவருக்கும் சாபமும் அபராதமும் விதித்தார்கள். இன்று எழுத்து இருக்கிறது. உள்ளே அறை காலியாக இருக்கிறது.

அவர்கள் செய்த குற்றம் என்ன?

சகோதரர்களே! ஸமூது கூட்டம் மலையைக் குடைந்ததற்காக அழிக்கப்படவில்லை. அந்தத் திறமையே அல்லாஹ் தந்த அருள்தான். சமவெளியில் மாளிகைகளையும் மலையில் வீடுகளையும் அமைக்கும் ஆற்றலை நினைத்துப் பார்த்து நன்றி செலுத்துங்கள் என்றுதான் ஸாலிஹ் (அலை) அவர்கள் அழைத்தார்கள் (7:74). அல்லாஹ்வை மட்டும் வணங்கச் சொன்னார்கள். பெருமையடித்த தலைவர்கள் மறுத்தார்கள். ஈமான் கொண்ட பலவீனமானவர்களை ஏளனமாகக் கேள்வி கேட்டார்கள்.

அல்லாஹ் ஓர் ஒட்டகத்தை அத்தாட்சியாக அனுப்பினான். அதோடு வந்த கட்டளை என்ன தெரியுமா? தண்ணீரில் முறை வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் ஒட்டகத்துக்கு, ஒரு நாள் அவர்களுக்கு (26:155). அவ்வளவுதான்! மலையையே உடைக்கத் தெரிந்தவர்களால் ஒரு வாயில்லா ஜீவனுக்குக் கிணற்றில் ஒரு நாளை விட்டுக்கொடுக்க முடியவில்லை.

ஒட்டகத்தை அறுத்தவன் ஒருவன்தான். ஆனால் தண்டனை எல்லோருக்கும் வந்தது. ஏன்? அவனைக் கூப்பிட்டுத் தூண்டியது அவர்களே. தடுக்க யாரும் வரவில்லை. மூன்று நாள் அவகாசம் கொடுக்கப்பட்டது. பிறகு பேரிடி முழக்கம் அவர்களைப் பிடித்தது. பாதுகாப்பு என்று நம்பிக் குடைந்த அதே வீடுகளுக்குள் குப்புற விழுந்து கிடந்தார்கள். ஸாலிஹ் (அலை) அவர்களும் ஈமான் கொண்டவர்களும் மட்டும் காப்பாற்றப்பட்டார்கள்.

நபி (ஸல்) அவர்கள் கடந்து சென்ற விதம்

ஹிஜ்ரி 9ல், தபூக் பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் இந்த ஊர் வழியாகச் சென்றார்கள். கொளுத்தும் வெயில். தோழர்கள் அங்குள்ள கிணறுகளில் தண்ணீர் இறைத்து, மாவும் பிசைந்துவிட்டார்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடவும், மாவை ஒட்டகங்களுக்குப் போட்டுவிடவும் நபியவர்கள் உத்தரவிட்டார்கள். அந்த ஒட்டகம் நீர் அருந்திய கிணற்றிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அநீதி இழைத்தவர்களின் வசிப்பிடத்துக்குள் அழுதவர்களாகவே தவிர நுழைய வேண்டாம் என்று எச்சரித்துவிட்டு, தலையை மூடிக்கொண்டு வேகமாக அந்தப் பள்ளத்தாக்கைக் கடந்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது.

பாவமற்ற நபியவர்களே அப்படிக் கடந்தார்கள் என்றால், நாம் அங்கே சிரித்துக்கொண்டு செல்ஃபி எடுப்பது எப்படிப் பொருந்தும்? போக நேர்ந்தால் அச்சத்தோடு போங்கள். அழுகை வரவில்லை என்றால் அங்கே வேடிக்கை பார்க்க நமக்கு வேலை இல்லை.

நமது கிணறு

இங்கேயே நம்மை நாம் கேட்டுக்கொள்வோம். நம் வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இருக்கும்போது, வறண்டு போன அடுத்த வீட்டுக்காரருக்கு ஒரு குடம் கொடுக்கிறோமா? சொத்துப் பங்கில் சகோதரியின் முறை வந்தபோது அதை விட்டுக்கொடுத்தோமா, அல்லது விழுங்கினோமா? ஒருவன் அநியாயம் செய்யும்போது, "நமக்கென்ன" என்று நின்றோமா?

மாடி மேல் மாடி கட்டுவதற்கு மார்க்கத்தில் தடையில்லை. ஆனால் அடுத்தவரின் பங்கைத் தடுத்துக்கொண்டு கட்டிய வீடு, மலையையே குடைந்ததாக இருந்தாலும் நம்மைக் காக்காது.

பிறருடைய உரிமையைக் கொடுப்பவர்களாகவும், அழிந்தவர்களைப் பார்த்துத் திருந்துபவர்களாகவும் அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.