சிகிச்சை முடிந்த பின்னும் தொடரும் மருந்து

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை, ஊசி மருந்து, கதிர்வீச்சு ஆகிய சிகிச்சைகள் முடிந்து ஒரு பெண்மணி மதுரையிலிருந்து ஊர் திரும்பியதும், நோய் தீர்ந்தது, இனி வைத்தியம் இல்லை என்று வீட்டார் கருதுவது இயல்பே. இராஜபாளையத்துச் சஞ்சீவி மலையைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு, ஒரே வேளையில் உயிர் மீட்கும் மூலிகையின் கதை பழக்கமானது. இந்நோயின் மருந்தோ அத்தகையதன்று. பலர் நாள்தோறும் ஒரு மாத்திரை வீதம் 5 ஆண்டுகளும், சிலர் 10 ஆண்டுகளும் உட்கொள்ள வேண்டியிருக்கிறது. அம்மாத்திரை சில தொல்லைகளையும் உடன் கொண்டு வருகிறது. தொல்லை தாளாமல் எவரிடமும் சொல்லாது மாத்திரையை நிறுத்திவிடும் பெண்கள் உளர். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றியங்களின் பஞ்சாயத்து உறுப்பினர்களும் குடியானவர்களும் இதனை அறிந்திருத்தல் வேண்டும் என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

முதலில், மாத்திரை எதற்கு என்பதைக் காண்போம். மார்பகப் புற்றுநோய்களுள் ஒரு பெரும்பகுதி, பெண் உடலில் இயற்கையாகச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைப் பற்றிக்கொண்டு வளர்வது. கிணற்று நீர் வாய்க்கால் வழியே வந்து மடை திறந்ததும் பாத்தியில் பாய்வதைப் போன்றது இது. டாமோக்சிபென் என்னும் மாத்திரை மடையை அடைத்துவிடுகிறது. ஹார்மோன் உடலில் இருந்தும் நோய் அணுவுக்குள் அது பாய்வதில்லை. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் என்பவை ஊற்றையே வற்றச் செய்பவை. இவ்விரண்டாம் வகை, மாதவிடாய் நின்றவர்களுக்கு உரியது. நிற்காதவர்களுக்குக் கொடுப்பதாயின் சினைப்பையின் வேலையை நிறுத்தும் சிகிச்சையும் உடன் வேண்டும். ஹார்மோனைச் சாராத புற்றுநோய்க்கு இம்மாத்திரைகளால் பயனில்லை. ஆகையால் அடுத்த வீட்டாருக்குக் கொடுத்த மாத்திரை நமக்குக் கொடுக்கப்படவில்லையே என்று ஐயுற வேண்டுவதில்லை.

சினைப்பையை அகற்றினால் சிலருக்கு மார்பகக் கட்டி சுருங்குகிறது என்பதை 1896-ஆம் ஆண்டிலேயே கிளாஸ்கோ நகரத்து டாக்டர் ஜார்ஜ் பீட்சன் வெளியிட்டார். டாமோக்சிபென்னை 1962-இல் இங்கிலாந்தில் முதன்முதலாகத் தயாரித்தவர் டோரா ரிச்சர்ட்சன் என்னும் பெண் விஞ்ஞானி. கருத்தடை மருந்தாகும் என்று எதிர்பார்த்துச் செய்த பொருள் அது. அவ்வேலைக்கு அது உதவவில்லை. மான்செஸ்டர் நகரத்துக் கிறிஸ்டி மருத்துவமனையார் அதனைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 1971-இல் வெளியாயிற்று. பின்னர் உலகின் பல ஆய்வுகளை ஒன்று திரட்டி 2011-இல் கணக்கிட்டபோது, ஹார்மோன் சார்ந்த நோயுடையோர் 5 ஆண்டுகள் டாமோக்சிபென் உட்கொண்டால், முதல் 15 ஆண்டுகளில் இந்நோயால் நேரும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று தெரிந்தது. ஒரு சிறு மாத்திரை செய்யும் வேலை இவ்வளவு. அதை இடையில் நிறுத்துபவர் எதனை இழக்கிறார் என்பது இதனால் விளங்கும். மாத்திரையை நிறுத்தியதும் உடல் நோவு குறைந்து முன்னைவிட நலமாக இருப்பதுபோல் தோன்றும். நோய் மீள்வதாயின் பல ஆண்டுகள் கழித்தும் மீளக்கூடும். இந்த மயக்கமே மிகப் பெரிய ஆபத்து எனலாம்.

பஞ்சாலையில் வேலை செய்யும் ஒரு பெண்மணியை எண்ணிப் பார்ப்போம். நூல் அறாமல் இருக்க ஆலைக்குள் காற்றை ஈரமாகவே வைத்திருப்பர். அப்புழுக்கத்தில் திடீரென்று மார்பிலிருந்து முகம் வரை அனல் ஏறி, வியர்வை பெருகி, சில நிமிடங்களில் அடங்குகிறது. இரவில் இருமுறை மும்முறை இவ்வாறே நேர்ந்து தூக்கம் கெடுகிறது. நோய் திரும்பிவிட்டதோ என்று அவர் அஞ்சுகிறார். மேஸ்திரியிடமும் சொல்ல இயலாது, மாமியாரிடமும் சொல்ல இயலாது. உண்மையில் இது நோயன்று. ஹார்மோன் தடைப்படுவதால் மாதவிடாய் நிற்கும் காலத்தில் வருவது போன்ற சூடு. மெல்லிய பருத்தி உடை, அருகில் குளிர்ந்த நீர், காரமும் கொதிக்கும் தேநீரும் சூட்டைத் தூண்டினால் அவற்றைக் குறைத்தல், மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விடுதல் ஆகியவை ஓரளவு உதவும். மாத்திரை உட்கொள்ளும் வேளையை மாற்றுவதால் சிலருக்குத் துன்பம் தணிகிறது. இவ்வளவிலும் அடங்காதவர்களுக்கு ஹார்மோன் அல்லாத மருந்துகள் உள்ளன. ஆயினும் உளச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் மருந்துகளுள் சில, டாமோக்சிபென்னின் வேலையைக் கெடுக்கக்கூடியவை. எந்த டாக்டரிடம் சென்றாலும் "நான் டாமோக்சிபென் உட்கொள்கிறேன்" என்று முதலிலேயே கூறிவிடுதல் நல்லது. நாட்டு மருந்தும் உடன் உண்பவர்கள் அதனையும் மறைக்கலாகாது.

லெட்ரோசோல் வகையில் முக்கியமான தொல்லை மூட்டுவலி. காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்க மறுக்கும்; முழங்கால் பிடித்துக்கொள்ளும். சத்திரப்பட்டியில் அறுவைக் கூடங்களுக்குரிய கட்டுத்துணி நெய்யும் தறிக்காரப் பெண்ணுக்கும், பருத்திக் காட்டில் பஞ்சு எடுப்பவருக்கும் விரலே பிழைப்பு அல்லவா? இவ்வலிக்கு ஓய்வே மருந்தென்று நினைப்பது சரியன்று. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு 150 நிமிடங்கள் விரைந்து நடந்து, இருமுறை தசைப் பயிற்சியும் செய்த பெண்களுக்கு மூட்டுவலி ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. "நாள் முழுவதும் களை எடுக்கிறோமே, இன்னும் நடை எதற்கு?" என்று நம் பெண்கள் கேட்பர். கேள்வி நியாயமானதே. குனிந்தபடி ஒரே அசைவைச் செய்வது உடலைக் களைப்பிக்கும். ஆனால் எல்லா மூட்டுகளையும் அது இளக்குவதில்லை. வேலைக்குப் புறப்படுமுன் வெதுவெதுப்பான நீரில் கையை நனைத்து விரல்களைப் பலமுறை மடக்கி நீட்டுவதும், மாலையில் கைவீசி நடப்பதும் பயன் தரும். வலி பொறுக்க முடியாததாயின் டாக்டர் அதே வகையில் வேறொரு மாத்திரைக்கு மாற்றுவார். நிறுத்திவிடுவதற்கும் மாற்றிக்கொள்வதற்கும் உள்ள வேற்றுமை பெரிது.

அதே மருந்து எலும்பையும் மெலியச் செய்கிறது. எலும்பு அடர்த்திச் சோதனை தேவையா என்று கேட்டறிதல் வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் அளவு சுண்ணாம்புச்சத்து வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஒரு தம்ளர் பாலில் 200 மில்லிகிராமுக்குக் குறையாது. பால் வளம் மிக்க ஸ்ரீவில்லிபுத்தூரில், கறந்த பால் முழுவதையும் விற்றுவிட்டு வீட்டுப் பெண்ணுக்கு ஒரு தம்ளர் கூட வைக்காத வழக்கம் மாற வேண்டும். பாலில் சத்து உண்டு என்பதற்காக, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் பால்கோவாவையே மருந்தாகக் கொள்ளலாமோ எனின், அதில் சர்க்கரையும் உண்டு. உடல் எடை ஏறினால் முழங்கால் வலியும் ஏறும். விசேஷ நாளில் சிறிது உண்பதை யாரும் தடுக்கவில்லை.

பாக்லிடாக்சல் போன்ற ஊசி மருந்து பெற்றவர்களுக்குச் சிகிச்சை முடிந்து பல மாதங்கள் வரையிலும் கை கால் மரத்திருக்கலாம். வயலில் வெறுங்காலோடு நடப்பவருக்கு இது சிறு விஷயமன்று. முள் தைத்ததும் தெரியாது, கொதிக்கும் பாத்திரம் சுட்டதும் தெரியாது. செருப்பின்றி வரப்பில் இறங்கலாகாது. மாலையில் பாதங்களை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தல் வேண்டும். நீரிழிவும் உடையவர்கள் இதில் இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டும்.

சொல்லக் கூசும் தொல்லைகளும் உள்ளன. பிறப்புறுப்பில் வறட்சி, இல்லறத்தில் நோவு ஆகியவற்றுக்கு ஹார்மோன் கலவாத களிம்புகள் கிடைக்கின்றன. கிராம சுகாதாரச் செவிலியரிடம் கூறினால் வழி காட்டுவார். டாமோக்சிபென் உட்கொள்ளும் இளம் பெண்கள், மாதவிடாய் நின்றுவிட்டது என்று நம்பிக் கவனமின்றி இருந்துவிடக் கூடாது. அப்போதும் கருத்தரிக்க இயலும். மருந்து கருவுக்குக் கேடு செய்யும். கருத்தடை மாத்திரையிலும் ஹார்மோன் இருப்பதால் அது ஏற்றதன்று. காப்பர்-டி போன்ற சாதனமோ, கணவர் உறை அணிவதோ ஏற்றது. குழந்தை வேண்டும் என்பவர்கள் தாமாக மாத்திரையை நிறுத்தாமல் முன்கூட்டியே டாக்டரைக் கலந்துகொள்ள வேண்டும்.

மேற்கூறியவை பொறுத்து நடத்தக்கூடியவை. பொறுக்கக் கூடாதவையும் உண்டு. டாமோக்சிபென் அரிதாகக் காலின் இரத்தக் குழாயில் இரத்தத்தை உறையச் செய்யும். ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுசதை நோவுமாயின் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். திடீரென்று மூச்சுத் திணறலோ மார்வலியோ தோன்றினால் 108-ஐ அழைக்க வேண்டும். மாதவிடாய் நின்றபின் மீண்டும் உதிரம் கண்டால், சிறிதாயினும், காட்டித்தான் ஆக வேண்டும். கருப்பையின் உட்சுவரை இம்மருந்து சிலருக்குத் தடிக்கச் செய்யும், மிகச் சிலருக்கு அங்கே புற்றுநோயும் தோன்றும்.

இனிப் பஞ்சாயத்தார் செய்யக்கூடியது யாது? 1954-ஆம் ஆண்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கிய காலத்தில், இந்நோய்க்கு வைத்தியம் தேடிச் சென்னைக்கே செல்ல வேண்டியிருந்தது. இன்று மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. 2022-இல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. ஆகவே மருத்துவமனையை விட, வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இடையே உள்ள தொடர்பே இப்போது பலவீனமானது. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வப் பெண்கள், இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மருந்து கொண்டு வீடு வீடாகச் செல்கின்றனர். "உங்கள் மாத்திரை இருக்கிறதா? அதனால் என்ன துன்பம்?" என்று அவர்கள் தனியே கேட்டால் போதும், பாதி வேலை முடிந்தது. கிராம சபையில் நோயாளியின் பெயரைச் சொல்லிப் பேசுதல் ஒருபோதும் தகாது. பெயர் கூறாமல், பொதுச் செய்தியாகச் செவிலியரைக் கொண்டு விளக்கச் செய்யலாம்.

மாத்திரை தீர்ந்து வாங்கப் பணமில்லாமல் விட்டுவிடுவோரும் இருப்பர். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. தங்கள் மாத்திரை அதில் அடங்குமா என்பதை மருத்துவமனையிலுள்ள காப்பீட்டு அலுவலரிடம் கேட்க வேண்டும். மக்கள் மருந்தகங்களில் வணிகப் பெயரில்லாத மாத்திரைகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். மறுபரிசோதனைக்கு இரயிலில் செல்லும் புற்றுநோயாளிக்கு இரண்டாம் வகுப்பில் 75 விழுக்காடும், படுக்கை வகுப்பில் முழுமையும் கட்டணச் சலுகை உண்டு. உடன் செல்லும் ஒருவருக்கு இவ்விரு வகுப்புகளிலும் 75 விழுக்காடு. இதற்கு மருத்துவமனையார் உரிய படிவத்தில் சான்று தர வேண்டும். அப்படிவத்தைப் பெற்றுப் பூர்த்தி செய்ய உதவுவது, எழுதப் படிக்கத் தெரிந்த எந்த உறுப்பினராலும் ஆகக்கூடிய காரியம்.