வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மனநோயைச் சொல்ல வேண்டுமா?



நம் அறக்கட்டளையின் வேலைவாய்ப்பு உதவி மேசைக்கு வரும் பெற்றோர், கதவைச் சாத்திவிட்டு மெல்லிய குரலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பிள்ளைக்கு ரெண்டு வருசம் முன்னே மனசு சரியில்லாம இருந்துச்சு. இப்போ மாத்திரையில நல்லா இருக்கான். வேலைக்குப் போற இடத்துல இதைச் சொல்லணுமா, மறைச்சுடலாமா?" சர்க்கரைக்கோ தைராய்டுக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்காக யாரும் இப்படிக் கதவைச் சாத்துவதில்லை. பல வீடுகளில் உண்மையான பயம் வேலையைப் பற்றியதுகூட அல்ல. செய்தி ஊருக்குள் வந்து சம்பந்தம் தடைப்பட்டுவிடுமோ என்பதுதான். அந்தப் பயத்தை இந்தப் பாடத்தில் தீர்க்க முடியாது. வேலை சம்பந்தப்பட்ட பகுதியை மட்டும் இன்ஷா அல்லாஹ் தெளிவாகப் பார்த்துவிடுவோம்.

மார்க்கத்தின் பக்கத்திலிருந்து தொடங்குவோம். ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான், மருந்து தேடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். மனநோயை அதிலிருந்து அவர்கள் தனியே பிரிக்கவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அபூ ஸைத் அல்பல்கி என்ற அறிஞர், உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். துயரம், பயம், கோபம், விடாமல் சுற்றும் எண்ணங்கள் ஆகியவற்றுக்கும் அதில் சிகிச்சை சொன்னார். எனவே மருத்துவரிடம் போனது ஈமானின் குறை என்ற பேச்சை முதலில் வீட்டிலிருந்து வெளியே அனுப்புங்கள். துஆவும் மருந்தும் சேர்ந்தே நடக்கட்டும்.

அடுத்து, "மறைப்பது மோசடி ஆகாதா?" என்ற கேள்வி. தானியக் குவியலுக்குள் கை விட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, அந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த ஹதீஸை எல்லோரும் அறிவோம். பேணுதலான பிள்ளைகள் சிலர் இதை நினைத்து இன்டர்வியூவில் உட்கார்ந்ததுமே எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள். ஆனால் தொழிலாளி தன்னை விற்கவில்லை. தன் உழைப்பைத்தான் கூலிக்குத் தருகிறார். அல்கஸஸ் அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்களை வேலைக்கு வைத்துக்கொள்ளும்படி அந்தப் பெண்மணி தன் தந்தையிடம் சொன்னபோது இரண்டு தகுதிகளையே குறிப்பிட்டார்: வலிமை, நம்பிக்கை. வேலையைச் செய்ய முடியுமா? சொல்வதில் உண்மை இருக்கிறதா? முதலாளிக்கு உரிமை உள்ள கேள்விகள் இவைதாம். வேலையைப் பாதிக்காத ஒரு நோய் அவருக்குச் சொல்லியே ஆக வேண்டிய குறை அல்ல. வேலையையோ மற்றவர் உயிரையோ பாதிக்கக்கூடியதாக இருந்தால் அதைச் சொல்லாமல் இருப்பது அமானத்துக்கு மாறானது. கேட்டால் பொய் சொல்வது எந்த நிலையிலும் கூடாது. தனிப்பட்ட நிலைமைக்குத் தீர்ப்பு வேண்டுவோர் தங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளட்டும்.

நடைமுறைக்கு வருவோம். தனியார் வேலைக்கான பயோடேட்டாவில் நோயைப் பற்றி எழுதத் தேவையில்லை. இன்டர்வியூவில் தானாக எடுத்துச் சொல்லவும் தேவையில்லை. உங்கள் திறமையை அறிவதற்கு முன்பே நோயின் பெயரைக் கேட்ட ஒருவர், அதன்பின் திறமையைப் பார்ப்பது அரிது. இது நியாயம் இல்லை என்றாலும் இன்றைய நிலை இதுதான். பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, வேலை தருவதாகச் சொல்லும்வரை உடல்நலக் கேள்விகளைப் பொதுவாகக் கேட்கக் கூடாது. இங்குள்ள தனியார் நிறுவனத்தில் அப்படிக் கேட்டாலும் கேட்பார்கள்.

படிப்பிலோ வேலையிலோ இடைவெளி விழுந்திருந்தால் அதைப் பற்றிக் கேள்வி கண்டிப்பாக வரும். "உடல்நலக் காரணத்தால் ஒரு வருடம் வேலைக்குப் போகவில்லை. சிகிச்சை எடுத்து இப்போது நலமாக இருக்கிறேன், அல்ஹம்துலில்லாஹ்" என்று சொன்னால் போதும். அது உண்மை. அதற்குமேல் கேட்டால், "அது என் மருத்துவர் சம்பந்தப்பட்ட விஷயம், இந்த வேலைக்கு அது தடையாக இருக்காது" என்று மரியாதையாக நிறுத்திக்கொள்ளலாம். வீட்டில் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பழகிவிட்டுப் போனால் நாக்கு குழறாது. இந்த இடைவெளியை மூடுவதற்காகத் தெரிந்தவர் கடையிலிருந்து பொய்யான அனுபவச் சான்றிதழ் வாங்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. சொல்லாமல் விட உரிமையுள்ள ஒன்றை மறைக்கப் போய், வேலையே பறிபோகும் குற்றத்தைப் பிள்ளையின் கையால் செய்ய வைக்கிறோம். நோயைக் காரணம் காட்டி நீக்கினால் எதிர்த்துப் பேச இடமாவது இருக்கும். போலிச் சான்றிதழுக்காக நீக்கினால் யாரிடம் போய்ப் பேசுவது?

எழுத்துப் படிவம் வேறு விஷயம். வேலை உறுதியான பிறகு மருத்துவப் பரிசோதனையோடு ஒரு படிவம் தருவார்கள். மத்திய அரசுப் பணிக்கான படிவத்தில் வலிப்பு, மனநோய் போன்றவை பற்றிய கேள்வி நெடுங்காலமாகவே உண்டு. தெரிந்தே மறைத்தால் வேலையை இழக்க நேரிடும் என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருக்கிறது. அங்கே "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். உண்மையை எழுதி, மருத்துவரின் கடிதத்தை இணையுங்கள்.

அந்தக் கடிதத்தை எப்படி வாங்குவது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம். படிவம் நோயின் பெயரையே கேட்டால் பெயர் வேண்டியிருக்கும். மற்ற இடங்களில் கடிதத்தில் அது இருக்க வேண்டும் என்பதில்லை. இன்னார் என் சிகிச்சையில் இருக்கிறார், இவ்வளவு காலமாக நிலையாக இருக்கிறார், இன்ன வேலையைச் செய்யத் தகுதியானவர், இன்ன வசதி தேவைப்படும் என்ற நான்கு செய்திகள் போதும். என்ன வேலை, எத்தனை மணி நேரம், இரவு ஷிஃப்ட் உண்டா, வாகனம் அல்லது இயந்திரம் ஓட்ட வேண்டுமா என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். வேலையின் தன்மை தெரியாமல் அவரால் சரியான கடிதம் தர முடியாது. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, நோயாளியின் ரகசியத்தைக் காக்கும் கடமையை மருத்துவர்மீது வைத்திருக்கிறது. எனவே நிறுவனத்திலிருந்து போன் வந்தாலும் உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் விவரம் சொல்லக் கூடாது. முன்பு ஒரு தடவை சிகிச்சை எடுத்ததை மட்டும் வைத்து, இப்போதும் மனநோய் இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

சில வேலைகளில் நாமாகவே சொல்லிவிடுவது நல்லது என்பது எங்கள் கருத்து. தூக்கம் வரவழைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் பஸ், லாரி, கிரேன் ஓட்டப் போவதாக இருந்தால் அது அவரோடு நிற்கும் விஷயம் அல்ல. பைபோலார் நோய் உள்ளவருக்குத் தூக்கம் கெட்டால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம். இரவு ஷிஃப்ட் சம்பளம் கூடுதல் என்று அதற்கு ஆசைப்பட வேண்டாம். பகல் ஷிஃப்ட் கேட்பதற்காக எச்.ஆர். அதிகாரி ஒருவரிடம் மட்டும், எழுத்து மூலமாக, தேவையான அளவு சொன்னால் போதும். பக்கத்து மேசைக்காரரிடமும் மெஸ் நண்பரிடமும் சொல்வது இதில் சேராது. வாப்பாவோ மாமாவோ மேனேஜருக்குப் போன் செய்து "பையனைக் கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று சொல்வதும் கூடாது. பாசத்தில் செய்வதுதான். ஆனால் வளர்ந்த பிள்ளையின் ரகசியத்தைச் சொல்வதும் சொல்லாததும் அந்தப் பிள்ளையின் முடிவு. மகனாக இருந்தாலும் மகளாக இருந்தாலும் அப்படித்தான்.

அரசு வேலையில் சட்டத்தின் துணை கூடுதல். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. அரசுப் பணியிடங்களில் 4 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு. அதில் 1 சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் போன்ற பிரிவினர் பகிர்ந்துகொள்கிறார்கள். இதற்கு 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்ற சான்று வேண்டும். தன்னைக் கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை என்று நான்கு கோணங்களில் பார்த்து இதை மதிப்பிடுகிறார்கள். மாத்திரையில் நன்றாக இருக்கும் பலர் இந்த அளவுக்குள் வரமாட்டார்கள், அல்ஹம்துலில்லாஹ். சான்று வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பணியில் சேர்ந்த பிறகு நோய் வந்தால், அதற்காக அரசு ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்றலாம் என்பது சட்டம். மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவரின் வழக்கில், மனநோய் ஒரு காரணமாக இருக்கும் நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது பாகுபாடு ஆகும் என்று உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

மறைப்பதில் நாங்கள் மிகவும் அஞ்சுவது ஒன்று உண்டு. சென்னையிலோ பெங்களூரிலோ ஐந்தாறு பேர் தங்கும் அறையில், மாத்திரை அட்டையை யாராவது பார்த்துவிடுவார்களே என்று பிள்ளை மருந்தையே நிறுத்திவிடுகிறது. முதல் சில வாரம் ஒன்றும் தெரியாது. அதனால் "இனி தேவையில்லை போலிருக்கு" என்று தோன்றும். பிறகு தூக்கம் போகும், வேலைக்குப் போகாத நாட்கள் கூடும். ஊருக்குத் திரும்பி வரும்போது வேலையும் போயிருக்கும், உடம்பும் போயிருக்கும். மாத்திரைகளை வைட்டமின் டப்பாவில் மாற்றிப் போடாதீர்கள். பெயர் தெரியாமல் அளவு மாறிவிடும். பூட்டுள்ள சிறு பெட்டி ஒன்று வாங்கிக் கொடுங்கள். பேச ஆள் இல்லாத நேரத்தில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பிள்ளையே கூப்பிடலாம். அரசின் இலவசச் சேவை, தமிழிலும் பேசுவார்கள்.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. ஊரில் கம்கா மெடிக்கல் என்று சொல்லப்படும் பரிசோதனையில் மனநோயும் நரம்பு நோயும் தகுதிக் குறைவாகக் கருதப்படும் பட்டியலில் இருக்கின்றன. ஏஜென்ட் "ஒண்ணும் சொல்லாதே, பார்த்துக்கலாம்" என்பார். பணம் கட்டுவதற்கு முன் மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இந்த மருந்து அந்த நாட்டில் கிடைக்குமா, இந்த உடம்பு அந்த வேலையைத் தாங்குமா? லித்தியம் சாப்பிடுகிறவர் வெயிலில் வியர்த்து உடம்பில் நீர் வற்றினால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நஞ்சாகும். கட்டட வேலைக்கு அவரை அனுப்புவது உயிரோடு விளையாடுவது. ரமலான் நோன்புக்கும் அவர் முன்கூட்டியே மருத்துவரைக் கேட்க வேண்டும். தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை ஆகியவற்றில் பல அமீரகத்தில் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோய் விமான நிலையத்தில் பிடிபட்டால் போதைப்பொருள் வழக்காகவே முடியலாம். பயணத்துக்கு முன் அமீரக அரசின் உரிய துறையின் இணையதளத்தில் அனுமதி வாங்கி, மருந்துச் சீட்டின் ஆங்கிலப் பிரதியோடு, மாத்திரைகளைக் கடையில் வாங்கிய அட்டையிலேயே, கைப்பையில் வைத்து அனுப்புங்கள். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன்பே நம் அலுவலகத்துக்கு வரலாம். விவரம் வெளியே போகாது.