பாட்டரியை எங்கே வைப்பது?



வானொலி அலைகளால் இயக்கப்படும் சிறு கார்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஜப்பானின் தமியா நிறுவனம் 1976-ஆம் ஆண்டில் போர்ஷே 934 காரின் சிறு உருவை இவ்வாறு வெளியிட்டது. இன்று இத்தகைய கார்களுக்கு உலகப் போட்டிகளே நடைபெறுகின்றன.

பந்தயத்தில் வெல்ல வலிய மோட்டார் போதும் என்று பலரும் எண்ணுகின்றனர். ஆனால் வளைவில் கார் எப்படித் திரும்புகிறது என்பதும் முக்கியம். அதில் பாட்டரி இருக்கும் இடத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

ஒரு கணக்கைப் பார்ப்போம். காரின் மொத்த எடை 1,500 கிராம், அதில் பாட்டரி 300 கிராம், முன் பின் அச்சுகளுக்கு இடையே 250 மி.மீ. என்று கொள்வோம். பாட்டரியை 50 மி.மீ. முன்னே நகர்த்தினால் காரின் ஈர்ப்பு மையம் 10 மி.மீ. முன்னே செல்லும். முன் சக்கரங்களின் மீது 60 கிராம் சுமை கூடும். பின் சக்கரங்களில் அதே அளவு குறையும்.

இதனால் என்ன ஆகும்? பின் சக்கரங்களால் உந்தப்படும் காரில் பாட்டரி முன்னே இருந்தால், முன் சக்கரங்கள் தரையை நன்கு பற்றும். கார் சட்டென்று திரும்பும். ஆனால் பின்பக்கம் இலேசாகி வழுக்கும். பாட்டரி பின்னே இருந்தால் உந்துதல் வீணாகாது. ஆனால் வளைவில் கார் திரும்பாமல் வெளியே விலகி ஓடும். எனவே வழுக்கும் மண் தரையில் பாட்டரியைப் பின்னுக்கும், பிடிப்புள்ள விரிப்பின் மேல் முன்னுக்கும் நகர்த்துவது வழக்கம்.

உயரமும் முக்கியமே. கூரையில் மூட்டை ஏற்றிய பேருந்து வளைவில் சாய்வதைக் கண்டிருக்கிறோம் அல்லவா? ஆகவே பாட்டரியை அடித்தட்டிலேயே படுக்க வைக்க வேண்டும்.

அடுத்து, கனமான பொருள்கள் காரின் நடுவே சேர்ந்திருந்தால் அது எளிதில் திரும்பும். கைகளை விரித்துச் சுற்றுபவள் அவற்றை மடக்கியதும் வேகமாகச் சுற்றுகிறாளே, அதே விதிதான். நடுவிலிருந்து எடையின் தொலைவு இரு மடங்கானால், அந்த எடை திரும்புதலுக்குக் காட்டும் தடை நான்கு மடங்காகும்.

இடம் வலம் சமமாக இருப்பதும் அவசியம். சில கார்களில் பாட்டரியை இரண்டாகப் பிரித்து, கழுதையின் மேல் பொதி ஏற்றுவதுபோல் இருபுறமும் வைக்கின்றனர்.

சரியான இடத்தை அறிய, பாட்டரியைச் சிறிது நகர்த்தி, அதே பாதையில் ஓட்டி, நேரத்தைக் குறிக்க வேண்டும். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். இதற்குக் காசு செலவில்லை.

2012-இல் வெளிவந்த டெஸ்லா மாடல் எஸ் மின்காரிலும் பாட்டரி தரைத்தட்டின் அடியில்தான் உள்ளது. சிறு காருக்கும் மனிதர் ஏறும் காருக்கும் விதி ஒன்றே. சிறு கார் கவிழ்ந்தால் எடுத்து நிமிர்த்திவிடலாம். மனிதர் ஏறிய வண்டி கவிழ்ந்தால் அது உயிர்களின் பிரச்சினை. ஆகவே தோழியரே, எவ்வளவு சுமை என்று கேட்பதோடு, அது எங்கே இருக்கிறது என்றும் கேட்கப் பழகுவோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி