செஞ்சியில் ஒரு ஞாயிறு: ஆடுபுலியும் காலயந்திரமும்

• வெயில் ஏறுமுன் நண்பர்களோடு செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறி இறங்குங்கள். மதியத்தை ஆட்டத்துக்கும் படத்துக்கும் ஒதுக்குங்கள்.

• ஆடுபுலி ஆட்டத்துக்குச் செலவே இல்லை. பழைய அட்டையில் கட்டம் வரையுங்கள். 3 கூழாங்கற்கள் புலி, 15 புளியங்கொட்டைகள் ஆடு.

• எல்லா ஆடுகளையும் இறக்கும்வரை எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது. ஆட்டுக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தால் புலி தாண்டி வெட்டிவிடும். எனவே ஆடுகளை ஓரங்களில் அடுத்தடுத்து நெருக்கமாக வையுங்கள். ஒரு சுற்று முடிந்ததும் பக்கம் மாறுங்கள்.

• சிறுவர்கள் இருந்தால் முதல் அரைமணி நேரம் கார்ட்டூன். பிறகு வேற்றுக்கிரகவாசிகள் வரும் எம்.ஜி.ஆரின் 'கலை அரசி' (1963) அல்லது காலயந்திரக் கதையான 'இன்று நேற்று நாளை' (2015).

• இடைவேளையில் கைபேசியை வைத்துவிட்டு, "காலயந்திரம் கிடைத்தால் எந்த ஆண்டுக்குப் போவாய்?" என்று ஆளுக்கொரு பதில் கேளுங்கள்.

• கோட்டைக் கற்களில் சாக்பீஸால்கூடக் கட்டம் வரையாதீர்கள். 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோட்டை இது. காப்பது நம் கடமை.