படை விடுத்து வந்தார்க்குப் பணி

போர்மேற் சென்றானுக்கு நாடு யாது கைம்மாறு செய்தல் வேண்டும் என்னும் வினா இன்று தோன்றியதன்று. பண்டைத் தமிழ் வேந்தர் படைத்தலைவர்க்கு ஏனாதி என்னும் பட்டமும் மோதிரமும் அளித்துச் சிறப்புச் செய்தனர். களத்தில் மாய்ந்த மறவனுக்குக் கல் நட்டனர். அவன் சுற்றத்தார் உண்டு வாழுமாறு விடப்பட்ட நிலம் கல்வெட்டுக்களில் உதிரப்பட்டி எனப் பெயர் பெறுகின்றது. சிந்திய குருதிக்கு ஈடாக வந்த நிலம் என்பது பொருள். பெயரே நெஞ்சை உலுக்குகின்றது. எனினும் இவை பெரும்பான்மையும் தலைவனுக்கும் இறந்தானுக்கும் உரியவை. பல்லாண்டு படையில் உழைத்து, உயிரோடும் உறுப்போடும் நடுவயதில் ஊர் திரும்பும் எளிய சிப்பாய்க்கு வழி யாது? அதனையே ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

இவ்வினா நம் நாட்டரசினைப் பெரிதும் நெருக்கிய காலம் இரண்டாம் உலகப் போரின் முடிவாகும். அப்பொழுது இந்தியப் படையில் இருந்தோர் ஏறத்தாழ 25 லட்சம் பேர். அமைதிக் காலத்திற்கு அத்துணைப் பெரும்படை வேண்டுவதில்லை. ஆகலின் லட்சக்கணக்கானோர் விடைபெற்று வரவிருந்தனர். 1945 ஆம் ஆண்டு ஜூலையில் அரசாங்கம் இதற்கெனத் தனி இயக்ககம் ஒன்றை நிறுவி, வேலைவாய்ப்பு நிலையங்களைத் திறக்கலாயிற்று. படையினின்று விடுபட்டவரும், போர்க்காலத் தொழில்களினின்று நீக்கப்பட்டவருமே அங்குப் பதிந்துகொள்ள உரியவர். 1948 ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் ஏனையோர்க்கும் அக்கதவு திறந்தது. 1956 நவம்பர் முதல் அந்நிலையங்களை நடத்தும் பொறுப்பு மாநிலங்களின் கைக்கு வந்தது. பள்ளியிறுதித் தேர்வு முடிந்தவுடன் நாம் சான்றிதழும் கையுமாய் வரிசையில் நின்று பதிவெண் பெறுகின்றோமே, அவ்வாயில் முதன்முதல் சிப்பாய்க்கென்று இடப்பட்ட வாயில்! இக்கட்டுரைக்கெனப் படிக்கும்வரை யாமும் இதனை அறிந்திலேம்.

இனி, இன்றுள்ள விதிகளைக் காண்போம். முன்னாட் படைவீரர்க்கு மத்திய அரசின் குடிமைப் பணிகளில் மறுவேலை அளித்தற்கான விதிகள் 1979 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டன. அவற்றின்படி எழுத்தர் முதலிய சி பிரிவுப் பதவிகளில் நூற்றுக்கு 10 இடமும், முன்னர் டி பிரிவு என வழங்கிய கடைநிலைப் பதவிகளில் நூற்றுக்கு 20 இடமும் அவர்க்கு உரியன. அரசுடைமை வங்கிகளிலும், எங்கள் நல்லூர்க்கு அணித்தான நெய்வேலியிலுள்ள நிலக்கரி நிறுவனம் போன்ற மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களிலும் இவ்வளவு முறையே 14.5, 24.5 என உயரும். அவ்வுயர்வாகிய 4.5 ஊனமுற்ற வீரர்க்கும், உயிர் நீத்த வீரரின் குடும்பத்தார்க்கும் உரியது. பழைய உதிரப்பட்டி நிலவடிவம் நீங்கி உத்தியோக வடிவம் பெற்றதோ என எண்ணத் தோன்றுகின்றது. நம் மாநிலத்தில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் நூற்றுக்கு 5 இடம் முன்னாட் படைவீரர்க்கு விடப்படுகின்றது. 1986 இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகமாகிய டெக்ஸ்கோ, அரசு நிறுவனங்கட்குக் காவற்பணிக்கு ஆட்களை அனுப்பி வருகின்றது.

வேலை தேடும் மாணவர் சிலர், "முன்னரே இனவாரியாகப் பங்கிட்டபின் எஞ்சியதிலும் இவர்க்கு ஒரு பங்கோ?" என்று வருந்தக் கேட்டிருக்கின்றோம். யாமும் பட்டம் பெற்று அதே வரிசையில் நிற்க வேண்டியவரே. ஆதலின் அவர் வருத்தத்தை எள்ளோம். ஆயினும் அது விதியின் அமைப்பை அறியாத வருத்தம். இன ஒதுக்கீட்டைத் தறியிலுள்ள பாவு என்று கொண்டால், படைவீரர் ஒதுக்கீடு அதன் குறுக்கே ஓடும் ஊடையாகும். தேர்வுபெற்ற வீரர் எவ்வினத்தவரோ அவ்வினத்திற்குரிய இடத்திலேயே எண்ணப்படுவார். புதிய பங்கு ஒன்றும் பிளந்து எடுக்கப்படுவதில்லை.

அன்றியும், அப்பங்குதான் முழுதும் அவர் கைக்குச் சென்றதா? 2021 ஜூன் 30 ஆம் நாள் நிலவரப்படி, கணக்குக் காட்டிய மத்திய அரசுத் துறைகளின் சி பிரிவில் முன்னாட் படைவீரர் நூற்றுக்கு 1.29, டி பிரிவில் 2.66. பத்து என்றும் இருபது என்றும் எழுதிய ஏட்டிற்கும் இவ்வெண்கட்கும் உள்ள சேய்மையே இக்கட்டுரையின் உயிர்ப்பொருள். ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 பேர் படையினின்று ஓய்வு பெறுகின்றனர். ஆகவே ஆள் இல்லை என்றல் பொருந்தாது. தகுதியுடையார் போதிய அளவில் விண்ணப்பிக்கவில்லை என்று துறையினர் கூறுவர். நிரம்பாத இடம் மறு ஆண்டிற்கு எடுத்துச் செல்லப்படுவதுமில்லை. அவ்வாண்டே பிறர்க்குப் போய்விடுகின்றது. ஒருமுறை நழுவியது நழுவியதே.

அமெரிக்க நாட்டார் வேறொரு முறை கைக்கொண்டனர். 1944 இல் இயற்றிய சட்டத்தால் அவர்கள் தேர்விற் தேறிய வீரர்க்கு 5 மதிப்பெண்ணும், போரில் ஊனமுற்றார்க்கு 10 மதிப்பெண்ணும் மிகுதியாகக் கூட்டினர். ஆங்கு இடம் ஒதுக்கப்படவில்லை. ஆளே வரிசையில் முன்னே நகர்த்தப்பட்டான். இடம் வெறிதே கழியும் குறை அம்முறையில் இல்லை. எனினும் தேர்வு எழுத வாராதவனுக்கு அம்முறையாலும் பயன் இல்லை. நம் சிப்பாய் வாராமைக்குக் காரணம் யாது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அதற்கு விடையை எங்கள் ஊரிலேயே கண்டோம். எம் இல்லத்திற்கு இரண்டு தெரு தள்ளி ஹவில்தார் ஒருவர் இருக்கின்றார். ஊரார் அனைவர்க்கும் அவர் 'மிலிட்டரி மாமா'. பத்தாம் வகுப்புத் தேறி, இருபதாம் வயதிற் சேர்ந்து, பதினேழாண்டு பணியாற்றி, முப்பத்தேழில் ஓய்வு பெற்றவர். படையில் வண்டிகளின் இயந்திரங்களைப் பழுது பார்த்தவர். இன்று விருத்தாசலத்துப் பீங்கான் சூளை ஒன்றின் வாயிலில் இரவுக் காவல் பார்க்கின்றார். அரசு வேலைக்கு முயலவில்லையா என்று வினவினோம். "வயசு தாண்டிப் போச்சு தம்பி, பத்தாவது படிச்சவனை எந்த ஆபீசுல சேர்ப்பான்?" என்றார். ஒரு காரியாலயத்தில் அவ்வாறே சொல்லி அனுப்பினார்களாம்.

அவர் கூறிய இரண்டும் பிழை. மத்திய அரசின் விதி, உண்மை வயதினின்று படையிற் கழித்த ஆண்டுகளைக் கழிக்கச் சொல்கின்றது; எஞ்சியது வயது வரம்பினை மூன்றாண்டிற்கு மேல் மீறாதிருத்தல் போதும். அவர்க்கு இப்பொழுது வயது 46. பதினேழைக் கழித்தால் 29. வயது வரம்பு 27 என்றுள்ள பதவிக்கு 30 வரை இடமுண்டு. படிப்பைப் பற்றியும் விதி உண்டு. பத்தாம் வகுப்புத் தேறிப் பதினைந்தாண்டு குறையாமற் பணியாற்றியவர், தனித்த தொழிற்கல்வி வேண்டாத சி பிரிவுப் பதவிகட்குப் பட்டதாரியாகவே கருதப்படுவர். படையில் செய்த தொழிலுக்கு நிகரான குடிமைத் தொழில் இன்னது எனக் காட்டும் பட்டியலும் அரசிடம் உண்டு. இத்துணையும் ஏட்டில் இருக்க, ஒன்பது ஆண்டு அவர் சூளை வாயிலில் நின்றார்!

ஆகவே குறை ஒதுக்கீட்டின் அளவில் இல்லை என்பது எம் துணிபு. பதினேழாண்டுப் பயிற்சியைக் குடிமை வாழ்வின் மொழியில் பெயர்த்துச் சொல்வார் சிற்றூரில் இல்லாமையே குறை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் கடலூரில் உளது. ஆயின் இரவெல்லாம் விழித்தவர் பகலிற் பேருந்தேறி அங்குச் சென்று கேட்பது எங்ஙனம்? 2022 இல் அறிவிக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தின்படி சேர்ந்தோரில் நால்வருள் மூவர் நான்காண்டிலேயே ஊர் திரும்புவர். துணைப்படைகளில் நூற்றுக்கு 10 இடம் அவர்க்கு என அவ்வாண்டே அரசு அறிவித்தது. முப்பது வயதும் நிரம்பாத அவ்விளைஞர்க்கு ஓய்வூதியமும் இல்லை. அவர்க்கும் இவ்வேட்டினை யாரேனும் படித்துக் காட்டல் வேண்டும்.

சென்ற விடுமுறையில் ஹவில்தாரின் விடுவிப்புப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, அவர் திண்ணையிலமர்ந்து விண்ணப்பம் எழுதினோம். 'கல்வித் தகுதி' என்னும் கட்டத்தின் முன் அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர்ப் பேனாவை எம் கையினின்று வாங்கித் தாமே எழுதினார். வயதின் வாயில் அவர்க்கு அடைபட இன்னும் ஓராண்டளவே உளது. தேர்வு மார்கழியில்.